பிள்ளைக்காக யார் கேட்பது? குழந்தைகளும் கருணைக்கொலையும்: ஓர் எளிய விளக்கம்

சில வருடங்களுக்கு முன்பு கொழும்பில் ஒரு சிறுவர் வாட்டில் நான் பிழையாக மொழிபெயர்த்த ஒரு வசனத்திலிருந்து தொடங்குகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஓர் அம்மா, எங்கள் கீழ்மாடியில் இருந்தவர்களுக்குத் தூரத்துச் சொந்தம். பதினோரு மாதப் பிள்ளை, பதினெட்டு நாளாக ஐ.சி.யு.வில், மூச்சு மெஷினில். டொக்டருக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சிங்களம் பாதிதான் விளங்கும், எனக்கு இரண்டும் வரும் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டொக்டர் பொறுமையாகத்தான் பேசினார். மூளையின் பெரும்பகுதி பழுதாகிவிட்டது, இனி இந்த மெஷின் பிள்ளைக்கு உதவப் போவதில்லை, குழாயை எடுத்துவிட்டு நோவில்லாமல், மூச்சுத் திணறல் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அம்மா மடியில் வைத்திருக்கலாம் என்று சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துப் போயிருந்தது. அத்தனையையும் சுருக்கி, "மெஷினை நிப்பாட்டப் போறாங்களாம்" என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, அப்ப எம்புள்ளைய இவங்களே கொல்லப் போறாங்களா?"

இல்லை என்று உடனே சொல்ல என்னால் முடியவில்லை, ஏனென்றால் அது ஏன் கொலை இல்லை என்று எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. அதற்குப் பிறகு தேடித் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வைத்தியம் படித்தவள் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் அந்தக் கேள்வியோடு உட்காரும் இன்னொருவருக்கு முன்கூட்டியே இதெல்லாம் தெரிந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல். கருணைக்கொலை என்று தமிழில் சொல்கிறோம். மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'நல்ல சாவு' என்றுதான் பொருள், அதில் கொலை இல்லை. தமிழில் 'கொலை' சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது, அதனால் பேச ஆரம்பிக்கும் முன்பே பாதித் தீர்ப்பு வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல காரியங்களை நாம் இந்த ஒரே சொல்லால் குறிப்பதுதான்.

ஒரு டொக்டர் ஊசி போட்டு, அந்த ஊசியாலேயே பிள்ளையின் உயிர் போகும்படி செய்வது ஒன்று. உயிர் போக வேண்டும் என்பதற்காகவே அந்த மருந்து. இதைத்தான் கண்டிப்பான அர்த்தத்தில் கருணைக்கொலை என்கிறார்கள். மெஷின், டயாலிசிஸ், இன்னுமொரு ஒபரேஷன் போன்றவற்றால் இனிப் பலனில்லை, நோவுதான் மிச்சம் என்று கண்டு அவற்றை நிறுத்துவது அல்லது தொடங்காமல் விடுவது வேறொன்று. அங்கே பிள்ளையைக் கொண்டுபோவது நோய். மூன்றாவதாக, நோவைத் தணிக்க மோர்பின் போன்ற மருந்து கொடுப்பது, அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்று தெரிந்தாலும் நோவுக்காகக் கொடுப்பது. அப்புறம், எந்த மருந்துக்கும் அடங்காத நோவுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் வைத்திருப்பது என்று ஒன்றும் இருக்கிறது. வாட்டில் நாம் சந்திக்கப் போவது அநேகமாகப் பின்னைய மூன்றில் ஏதாவது ஒன்றுதான். முதலாவது இலங்கையில் சட்டப்படி நடக்கவே முடியாது.

மூளைச்சாவு என்பது இவற்றில் எதிலும் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளைத்தண்டு உட்பட மூளை முழுதும் மீளமுடியாமல் நின்றுவிட்டால் அது மரணமேதான், இலங்கையில் 1987ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்த நிலையில் மெஷினை எடுப்பது உயிருள்ள ஒருவருக்குச் செய்யும் காரியம் இல்லை. அன்றைக்கு நாங்கள் பார்த்த பிள்ளை அப்படி இல்லை. பிள்ளைக்கு உயிர் இருந்தது, இருமல் வந்தது, சில நேரம் கண் இமை அசைந்தது. அதனால்தான் அம்மாவின் கேள்வி அத்தனை கனமாக இருந்தது.

சரி, ஊசி போடுவதும் மெஷினை எடுப்பதும் உண்மையிலேயே வேறு வேறா? முடிவில் இரண்டிலும் பிள்ளை இறக்கத்தானே போகிறது?

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக வைத்தவர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, 1975இல். அவர் ஒரு கதை சொன்னார். சொத்துக்கு ஆசைப்பட்டு ஒருவன் தன் ஒன்றுவிட்ட தம்பியை, ஆறு வயதுப் பையனை, குளிக்கும் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான். இன்னொருவன் அதே எண்ணத்தோடு குளியலறைக்குப் போகிறான், ஆனால் அவன் கை வைக்கும் முன்பே பையன் வழுக்கி விழுந்து தலை அடிபட்டு முகங்குப்புறத் தண்ணீரில் கிடக்கிறான், இவன் தூக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஒருவன் கொன்றான், மற்றவன் சாகவிட்டான். இரண்டாமவன் நல்லவனா? இல்லையே. அப்படியானால் கொல்வதற்கும் சாகவிடுவதற்கும் இடையில் நாம் போடும் கோட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். அவர் இதோடு நிற்கவில்லை. சாகவிடுவது என்று முடிவெடுத்தபின் நாள்கணக்காகப் பிள்ளை வற்றி வதங்கிச் சாவதைப் பார்ப்பதைவிட ஊசி போடுவதுதான் கருணை என்றும் வாதாடினார்.

எனக்கு இந்த வாதம் பல நாள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ரேச்சல்ஸ் சொல்வதில் பாதி சரி. 'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, விட்டுவிட்டோம்' என்று சொல்லிக் கை கழுவ முடியாது, ஏனென்றால் விடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அவருடைய கதையில் இரண்டு பேருமே பையன் சாகவேண்டும் என்று விரும்பியவர்கள். வாட்டில் நிற்கும் டொக்டர் அப்படியா? நான் இதை இப்படிப் பரிசோதித்துப் பார்ப்பேன்: குழாயை எடுத்தபின் பிள்ளை எல்லாரும் நினைத்ததற்கு மாறாகத் தானே மூச்சு விட ஆரம்பித்தால் என்ன நடக்கும்? டொக்டர் சந்தோஷப்படுவார், தாதி ஓடிவந்து ஒட்சிசன் மாஸ்க்கைச் சரிசெய்வார், அம்மா அழுவார். யாரும் காரியம் கெட்டுவிட்டது என்று நினைக்க மாட்டார்கள். ஊசியில் அப்படி இல்லை. ஊசி போட்டபின் பிள்ளை பிழைத்தால், போட்டவரைப் பொறுத்தவரை காரியம் முடியவில்லை, இன்னொரு ஊசி வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குப் போதும். எல்லாத் தத்துவவாதிகளும் ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை, நான் நிற்கும் இடம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சையை விடுவது எப்போதும் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. 1982இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பிள்ளை டவுன் சின்ட்ரோமோடு (அறிவு வளர்ச்சியை மந்தமாக்கும் ஒரு பிறவி நிலை) பிறந்தது, உணவுக்குழாயில் அடைப்பும் இருந்தது. அடைப்பை ஒபரேஷனில் சரிசெய்யலாம். பெற்றோர் வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் தலையிடவில்லை, பிள்ளை ஆறாம் நாள் இறந்தது. யாரும் ஊசி போடவில்லை, 'சும்மா விட்டார்கள்'. ஆனால் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது உணவுக்குழாய் அடைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம்தான் கொண்டுபோனது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஊனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கப்படுவதைத் தடுக்க 1984இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். ஆக, கேட்க வேண்டியது 'ஏதாவது செய்தார்களா, விட்டார்களா' என்பது மட்டும் இல்லை. அந்தச் சிகிச்சை அந்தப் பிள்ளைக்கு நன்மை தருமா, தராதா? பிள்ளையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அல்ல, பிள்ளைக்கு.

பெரியவர்கள் விஷயத்தில் கருணைக்கொலையை ஆதரிப்பவர்களின் முக்கியமான வாதம், 'என் உயிர், என் முடிவு' என்பது. நமக்கு அது முற்றிலும் புதிய எண்ணமும் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஒரு மனிதன் யோசித்து, அறிவித்து, நண்பர்கள் பார்த்திருக்கத் தன் சாவைத் தானே ஏற்றுக்கொள்வது. அதைச் சரி என்றோ பிழை என்றோ யாரும் வாதாடலாம், ஆனால் அது யாருடைய முடிவு என்பதில் சந்தேகம் இல்லை.

பதினோரு மாதப் பிள்ளையிடம் இது எதுவுமே இல்லை. 'எனக்குப் போதும்' என்று பிள்ளை சொல்லவில்லை. 'எனக்கு இன்னும் இருக்க வேண்டும்' என்றும் சொல்லவில்லை. முன்பு எப்போதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடவும் முடியாது. ஆகவே குழந்தைகளுக்கான கருணைக்கொலையைச் சாகும் உரிமை என்று பேசுவது எனக்குப் பொருந்தாததாகப் படுகிறது. உரிமையைக் கேட்பவரே அங்கே இல்லை. வேறொருவர் இந்த வாழ்க்கை வாழத் தகுந்ததா என்று தீர்மானிக்கிறார். அந்த வேறொருவர் எத்தனை அன்பானவராக இருந்தாலும் அது பிள்ளை கேட்காத முடிவு.

அதனால்தான் இதை அனுமதித்த நாடுகள்கூட வயதை வைத்து வேறு வேறு வழி போயிருக்கின்றன. பெல்ஜியத்தில் 2002இல் பெரியவர்களுக்கு வந்த சட்டத்தில், 2014இல் வயதெல்லையை எடுத்தார்கள், பாராளுமன்றத்தில் 86க்கு 44 என்ற வாக்கில். ஆனால் பிள்ளைக்குத் தான் என்ன கேட்கிறோம் என்று விளங்கும் பக்குவம் இருக்க வேண்டும், பிள்ளையே கேட்க வேண்டும், பெற்றோர் சம்மதிக்க வேண்டும், ஒரு மனநல நிபுணர் பிள்ளையைப் பார்க்க வேண்டும், விரைவில் மரணம் நிச்சயமான நோயாக இருக்க வேண்டும், தாங்கமுடியாத உடல் நோவு இருக்க வேண்டும். கைக்குழந்தை இந்த வாசலுக்குள் வரவே முடியாது. 2016இல்தான் முதல் தடவையாக ஒரு சிறுவருக்கு அது பயன்பட்டது, அவருக்கு 17 வயது.

நெதர்லாந்து வேறு மாதிரி. அங்கே 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதிலும் 16 வயது வரை பெற்றோர் சம்மதத்தோடு. ஆனால் பிறந்த குழந்தைகளுக்கு என்று தனியாக ஒரு வழிமுறை 2004இல் குரோனிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. அதை உருவாக்கியதில் முன்னின்றவர் எட்வார்ட் வெர்ஹாகன் என்ற குழந்தை மருத்துவர். அவரை அந்த வழிக்குக் கொண்டுபோனது ஒரு பிள்ளை என்கிறார்கள்: தொட்டால் தோல் உரிந்துவிடும் நோய், கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தோல் பிய்ந்து வரும், மருந்துக்கு நோவு அடங்காது. பெற்றோர் முடித்துவிடும்படி கேட்டார்கள், சட்டம் இடம் தராது என்று அவர் மறுத்தார், பிள்ளை சில மாதங்களுக்குப் பிறகு இறந்தது. அந்தச் சில மாதங்கள்தான் அவரை விடவில்லை.

இதை வாசித்தபோது நான் எழுந்துபோய்ச் சற்று நேரம் பல்கனியில் நின்றேன். இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவர்களைக் கொடியவர்கள் என்று நினைப்பது எனக்கு அதோடு முடிந்துபோனது.

அந்த வழிமுறையின்படி, நோவு தாங்கமுடியாததாகவும் தீர வழியில்லாததாகவும் இருக்க வேண்டும், நோய் என்ன என்பதும் அது எப்படிப் போகும் என்பதும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், சம்பந்தமில்லாத இன்னொரு டொக்டராவது அதை ஒப்புக்கொள்ள வேண்டும், தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும், மருத்துவ முறைப்படி செய்ய வேண்டும், பிறகு அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் வேண்டும். 2005இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், அதற்கு முந்தைய ஏழு வருடங்களில் அறிவிக்கப்பட்டிருந்த 22 சம்பவங்களை ஆராய்ந்திருந்தார்கள். 22 பிள்ளைகளுக்குமே முதுகுத்தண்டு பிளவு என்கிற ஸ்பைனா பிஃபிடா, கடுமையான வகை. யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை. 1 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு எந்த வழியும் இல்லாமல் இருந்தது, அவர்களையும் சேர்த்து 2024 பெப்ரவரியில் விதிமுறை வந்துவிட்டது. வருடத்துக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள்தான் இதில் வருவார்கள் என்று அந்த அரசாங்கம் சொன்னது. கொலம்பியாவிலும் 2018 முதல் சிறுவர்களுக்கு ஒரு விதிமுறை இருக்கிறது. கனடாவில் பெரியவர்களுக்கு மட்டும்.

குரோனிங்கன் வழிமுறையைப் பற்றி அதிகமாக விவாதிக்கப்பட்டது அந்த ஸ்பைனா பிஃபிடா விஷயம்தான். நெதர்லாந்திலேயே ஒரு குழந்தை நரம்பியல் அறுவை நிபுணர், இந்தப் பிள்ளைகளின் நோவைச் சரியாகக் கவனித்தால் அது தாங்கமுடியாத ஒன்றாக இருக்காது என்று எழுதினார். ஸ்பைனா பிஃபிடாவோடு வளர்ந்து, படித்து, வேலை பார்த்து, கல்யாணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்டது இதுதான்: நீங்கள் கொன்றது நோவையா, எங்களைப் போன்றவர்களையா? மாற்றுத்திறனாளிகளின் இந்தக் கேள்வியை நான் மிகப் பெரிதாக எடுக்கிறேன். நடக்க முடியாத, பேச முடியாத ஒரு வாழ்க்கையைப் பார்த்து 'ஐயோ, இதற்குச் செத்துப் போகலாம்' என்று சொல்வது சுகமாக இருப்பவர்கள்தான். அந்த வாழ்க்கைக்குள் இருப்பவர்களில் பலர் அப்படிச் சொல்வதில்லை.

கருணை என்ற சொல்லை வைத்து என்ன செய்யப்பட்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 1939இல் ஹிட்லரின் ஜெர்மனியில், கடுமையான ஊனமுள்ள, பிறந்த குழந்தைகளிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளைப் பற்றி மருத்துவிச்சிகளும் டொக்டர்களும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல சிகிச்சை என்று சொல்லிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை வாங்கினார்கள். மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தும் பட்டினி போட்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கொன்றார்கள். இன்றைய நெதர்லாந்தும் அதுவும் ஒன்று என்று சொல்வது அநியாயம், அங்கே அரசு பெற்றோரை ஏமாற்றவில்லை, பெற்றோர்தான் கண்ணீரோடு கேட்கிறார்கள். ஆனால் 'வாழத் தகுதியில்லாத உயிர்' என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தால் அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை, ஒரு தடவை நடந்திருக்கிறது.

'நோய் எப்படிப் போகும் என்று உறுதியாகத் தெரிய வேண்டும்' என்ற நிபந்தனையையும் கொஞ்சம் பார்ப்போம். எஸ்.எம்.ஏ. என்று, தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஒரு மரபணு நோய். அதன் முதல் வகையோடு பிறந்த பிள்ளைகள் சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. பல காலமாக டொக்டர்கள் அதை உறுதியாகச் சொல்லி வந்தார்கள், அன்றைக்கு அது சரியும்கூட. 2016இல் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது, 2019இல் மரபணு சிகிச்சை வந்தது. நேரத்துக்குக் கிடைத்த பிள்ளைகள் உட்காருகிறார்கள், சிலர் நடக்கிறார்கள். அந்த மருந்தின் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாக்கனி என்பது வேறு வேதனை. எல்லா நோய்க்கும் இப்படி மருந்து வரும் என்று நான் சொல்லவில்லை, வாட்டில் இருந்த பிள்ளைக்கு அப்படி ஒன்று வரப்போவதும் இல்லை. ஆனால் 'நிச்சயம்' என்ற சொல்லை ஊசிக்குக் காரணமாக வைக்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

நோவு. எனக்கு இந்த முழு விஷயத்திலும் நடுவில் இருப்பது அதுதான்.

பிறந்த குழந்தைகளுக்கு நோவு சரியாகத் தெரியாது என்று மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. 1980கள் வரை பல இடங்களில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் போதிய மயக்க மருந்து இல்லாமலே ஒபரேஷன் செய்தார்கள், அசையாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்து. இந்தியாவிலிருந்து ஒக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போன ஆனந்த் என்ற மருத்துவர், ஒபரேஷன் முடிந்து வரும் பிள்ளைகளின் நிலைமையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அவர்களுடைய இரத்தத்தில் அழுத்த ஹோர்மோன்களை அளந்து காட்டினார். 1987 அளவில் கருத்து மாறத் தொடங்கியது. எங்கள் தலைமுறையில் நடந்த மாற்றம் இது. அதை நினைத்தால் இன்றைக்கும் பேச முடியாத பிள்ளையின் நோவை நாம் எத்தனை தூரம் விளங்கிக்கொள்கிறோம் என்று பயமாக இருக்கிறது.

இப்போது அளவுகோல்கள் இருக்கின்றன. வாட்டில் தாதி ஒருவர் எனக்கு ஒன்றைக் காட்டினார்: முகம் சுளிக்கிறதா, கால்கள் உதைக்கின்றனவா அல்லது இழுத்து மடக்குகின்றனவா, உடம்பு முறுக்குகிறதா, அழுகை எப்படி, தூக்கி அணைத்தால் தேறுகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து இரண்டு, மொத்தம் பத்துக்கு. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் தானே புள்ளி போடாமல் அம்மாமாரைக் கேட்பாராம், தேறுவது யார் கையில் என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்றார். அந்தப் பிள்ளையின் இடது மணிக்கட்டில் கோயில் நூல் கட்டியிருந்தது. ஊசி ஏற்ற அந்தக் கைதான் வேண்டும் என்று வந்தபோது அவர் நூலை வெட்டவில்லை, மெதுவாகக் கழற்றி, பிள்ளையின் கணுக்காலில் கட்டிவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்.

மோர்பினைப் பற்றி நம் ஆட்களுக்குள்ள பயத்தையும் சொல்ல வேண்டும். 'மோர்பின் குடுத்திட்டாங்களாம்' என்றால் முடிந்தது கதை என்று அர்த்தம் எடுக்கிறோம். உண்மையில் அளவு பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிள்ளையின் எடைக்கு ஏற்பக் கொடுக்கும் மோர்பின் பிள்ளையைக் கொல்வதில்லை. நோவையும் மூச்சுத் திணறலின் பதற்றத்தையும் தணிக்கும். வாயால் கொடுக்கும் சிரப்பாகவும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை கருணைக்கொலையை உறுதியாக எதிர்ப்பது. அதன் தலைவராக இருந்த பன்னிரண்டாம் பத்திநாதரே 1957இல், நோவைத் தணிக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் மருந்து ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும் கொடுக்கலாம், அசாதாரணமான சிகிச்சைகளைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை என்று சொல்லியிருக்கிறார். இஸ்லாமிய அறிஞர்களிலும் பலர், உயிரை எடுப்பதைத் தடுத்தாலும் பலனில்லாத மெஷினை நிறுத்துவதை ஏற்கிறார்கள். நம் சைவ வீடுகளில் 'போன பிறவி வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தன் நோவைப் பற்றி ஒருவர் அப்படி நினைத்துக்கொள்ளட்டும். ஒரு கைக்குழந்தையின் மருந்தைத் தள்ளிவைக்க அந்த வசனத்தைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

பலியேட்டிவ் கெயார் என்று இப்போது எல்லா இடமும் சொல்கிறார்கள். நோயை மாற்ற முடியாத இடத்திலும் நோவை, மூச்சை, தூக்கத்தை, குடும்பத்தைக் கவனிக்கும் பராமரிப்பு. பிள்ளைகளுக்கு இது நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கடைசி வாரத்துக்கு என்று எடுத்துவைப்பது இல்லை. மஹரகமவில் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்காக 'சுவ அரண' என்று ஓர் இடம் இருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் நுவரெலியாவிலோ மட்டக்களப்பிலோ வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு நோவு வந்தால் யாரைக் கூப்பிடுவது? இதற்குப் பதில் இல்லாத நாட்டில் கருணைக்கொலைச் சட்டம் வேண்டுமா என்று விவாதிப்பது ஒழுங்கு மாறிய பேச்சு என்பது என் அபிப்பிராயம். நோவைத் தீர்க்க எல்லாம் செய்து பார்த்தபின்தான் 'தீர்க்கமுடியாத நோவு' என்று சொல்லலாம்.

வறுமையும் இதற்குள் வருகிறது. அந்த அப்பா நாட்சம்பளக்காரர். கொழும்புக்கு வந்த பதினெட்டு நாளும் சம்பளம் இல்லை, இரவில் வாட்டுக்கு வெளியே வாங்கில் படுத்தார், வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் பாட்டியிடம். இலவச மருத்துவம் என்றாலும் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இலவசம் இல்லை. இப்படி ஒரு குடும்பத்திடம் சம்மதம் கேட்டால், வரும் சம்மதத்தில் எத்தனை பங்கு பிள்ளைக்காக, எத்தனை பங்கு களைப்பால் என்று எப்படிப் பிரிப்பது? களைப்பைக் குற்றம் சொல்லவில்லை. களைத்துப் போனவர் ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தாலும் அதையே சொல்வாரா என்று தெரியாமல் உயிரை எடுக்கும் முடிவை அவர் தலையில் வைக்கக் கூடாது என்கிறேன்.

மறுபக்கமும் நடக்கும், பெற்றோர் விடமாட்டோம் என்பார்கள், டொக்டர்கள் போதும் என்பார்கள். லண்டனில் சார்லி கார்ட் என்ற பிள்ளையின் விஷயம் 2017இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அரிதான மரபணு நோய், அமெரிக்காவில் ஒரு பரீட்சார்த்தச் சிகிச்சைக்குக் கொண்டுபோகப் பெற்றோர் பொதுமக்களிடம் 13 லட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள், மருத்துவமனை அது பிள்ளைக்கு நோவைத்தான் நீட்டும் என்றது. நீதிமன்றங்கள் மருத்துவமனைப் பக்கம் நின்றன. முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பிள்ளை இறந்தது. அங்கே நீதிபதிகள் கேட்டது பெற்றோரின் விருப்பம் என்ன என்று அல்ல, பிள்ளையின் நலன் எது என்று. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்திலும் பிள்ளையின் நலனே முதன்மையாகக் கவனிக்கப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது.

இலங்கைச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், கருணைக்கொலையை அனுமதிக்கும் சட்டம் எந்த வயதினருக்கும் இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் அடிப்படை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பிரிவை 1998இல் நீக்கினார்கள், ஆனால் தற்கொலைக்கு உதவுவது இன்னும் குற்றம். பிள்ளைக்கு உயிர்போக ஊசி போட்டால், எத்தனை கருணையோடு போட்டாலும், சட்டத்தின் கண்ணில் அது மனிதக்கொலை. ஆகவே வாட்டில் ஒரு டொக்டர் வந்து பேசும்போது அவர் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

அப்புறம் கேள்வி கேளுங்கள். தமிழில் பேசக்கூடிய டொக்டரோ தாதியோ இருக்கிறாரா என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை, என்னைப் போல வழியில் கிடைத்த ஆளை நம்பாதீர்கள். இந்த மெஷின் பிள்ளைக்கு என்ன செய்கிறது, நோயை மாற்றுகிறதா, நேரத்தை மட்டும் நீட்டுகிறதா? எடுத்தால் என்ன நடக்கும், எத்தனை நேரம் ஆகலாம்? நோவு தெரியாமல் இருக்க என்ன கொடுப்பீர்கள், யார் பக்கத்தில் இருப்பார்கள்? இன்னொரு நிபுணரின் கருத்து எடுக்கலாமா? ஒரு நாள் யோசிக்கலாமா? இவற்றில் எதைக் கேட்டாலும் யாரும் கோபிக்கக் கூடாது. நல்ல டொக்டர்கள் கோபிக்கவும் மாட்டார்கள்.

அன்றைக்கு என் பிழையைத் திருத்தியது நான் இல்லை. அடுத்த நாள் காலையில் கண்டியைச் சேர்ந்த ஓர் இளம் டொக்டர் வந்தார், தமிழ் பேசுபவர், அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். "தங்கச்சி, பிள்ளைய நாங்க ஒண்டும் செய்யப் போறதில்ல. மெஷின் பிள்ளைக்கு உதவுதா எண்டு இத்தனை நாளும் பார்த்தம். உதவேல்ல. இனி அதால நோவு மட்டுந்தான். பிள்ளை தானா மூச்சு விட்டா விடட்டும், நாங்க எல்லாரும் இங்கதான் இருப்பம்." அம்மா ஒன்றும் பேசவில்லை. பதினெட்டு நாளாக அதிகம் வாய் திறக்காத அப்பாதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கு நோகுமா, டொக்டர்?"

நோகாது, குழாயை எடுக்கும் முன்பே மருந்து கொடுத்துவிடுவோம், கொடுத்து, பிள்ளை அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்போம், தேவைப்பட்டால் இன்னும் கொடுப்போம், நான் இந்தக் கட்டிலை விட்டுப் போகமாட்டேன் என்றார். அவர்கள் அன்று பின்னேரம் வரை நேரம் கேட்டார்கள், பாட்டியும் மற்ற இரண்டு பிள்ளைகளும் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து சேர வேண்டும் என்று. திரையை இழுத்துவிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். குழாயை எடுத்தபின் பிள்ளை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தானே மூச்சு விட்டது, அம்மாவின் மடியில், கணுக்காலில் அந்த நூலோடு.